எதையும் தாங்காத தூண்

தூண் என்பது தாங்குவதற்காக எழுந்த பொருள். கூரையைத் தாங்குவது, வாயிலைத் தாங்குவது, வெற்றி வீரன் ஒருவனின் உருவத்தை உச்சியிலே தாங்குவது என, அது என்றும் பிறிதொன்றின் பொருட்டே நின்று வந்திருக்கின்றது. உரோமாபுரியில் திராயன் பேரரசனின் தூணும், பாரிஸ் நகரில் நெப்போலியனின் தூணும், இலண்டனில் நெல்சனின் தூணும் உச்சியில் ஒரு மனிதனை நிறுத்துவதற்கென எழுப்பப்பட்டவையே. நோக்குவோர் கண் தூணைக் கடந்து சென்று, மேலே நிற்கும் உருவத்தில் தங்கிவிடும். தூண் மறக்கப்பட்டுவிடும்.

இந்த முறையை மாற்றி, எதனையும் தாங்காமல், எவருடைய உருவத்தையும் தலையிற் கொள்ளாமல், தானே பொருளாகித் தனித்து நிற்கும் ஒரு தூணை ஆக்கியவர் கொன்ஸ்தந்தீன் பிரான்கூசி என்னும் உருமேனியச் சிற்பி. 1918ஆம் ஆண்டில் ஓர் ஆள் உயரத்திற்குச் சற்று மேலான மரத்துண்டில் தொடங்கிய அம்முயற்சி, இருபது ஆண்டுகளின் பின், 1938ஆம் ஆண்டில், ஏறத்தாழ 29 மீற்றர் உயரமுள்ள இரும்புத் தூணாக நிறைவெய்தியது. முதலாம் உலக மகாயுத்தத்திலே தம் ஊரைக் காக்க உயிர் நீத்தவர்களின் நினைவுச் சின்னம் அது. வாளில்லை, வீரனில்லை, பெயர் பொறித்த பலகையும் அதன்மீது இல்லை. அத்தகைய ஒன்று எவ்வாறு நினைவுச் சின்னமாயிற்று என்பதை அறிய வேண்டுமாயின், அந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பிரான்கூசி 1876ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள், உருமேனியாவின் தென்மேற்கே ஒல்தேனியாப் பகுதியில், கார்ப்பேதிய மலைகளின் அடிவாரத்திலுள்ள ஹொபித்சா என்னும் சிற்றூரிற் பிறந்தார். உழவர் குடும்பம்; இளமையில் ஆடு மேய்த்தவர். அப்பகுதியில் மரமே வாழ்வின் மூலப்பொருளாக இருந்தது. வீடும் மரம், வேலியும் மரம், வழிபாட்டிடமும் மரம். வீட்டு முன்றிலின் தூண்களைக் குடியானவர்கள் உளியாற் செதுக்கி, மணிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினாற்போல அழகு செய்வர். திராட்சைச் சாறு பிழியும் பொறியின் பெரிய மரத் திருகாணிகள் முற்றத்திலே நிமிர்ந்து நிற்கும். நாட்டின் சில பகுதிகளில் இறந்தோரின் புதைகுழியருகே மரக்கம்பம் நாட்டி, அதன் உச்சியில் ஒரு பறவையின் உருவை வைப்பதும் வழக்கம். அப்பறவை உயிரின் அடையாளம். வீட்டைத் தாங்கும் தூணும் இறந்தாரைக் குறிக்கும் தூணும் ஒரே உளியால், ஒரே கைவண்ணத்தால் ஆக்கப்பட்ட நாட்டிலே அவர் வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் ஆக்கிய உருவங்களை ஆராய்வோர் யாவரும் இந்த மரவேலை மரபையே முதலிற் சுட்டுவர்.

கிராயோவா நகரின் கைத்தொழிற் கலைப் பள்ளியில் 1894 முதல் 1898 வரை மரவேலை பயின்ற அவர், பின்னர் தலைநகராகிய புக்காரெஸ்த் சென்று நுண்கலைப் பள்ளியிற் சேர்ந்தார். ஆங்கே, வைத்தியப் பேராசிரியர் ஒருவரின் துணையோடு, தோல் நீக்கிய மனித உடலின் தசைநார்களைத் துல்லியமாகக் காட்டும் உருவம் ஒன்றைச் செய்தார். மருத்துவ மாணவர்க்குப் பாடப்பொருளாகப் பயன்படுமளவுக்கு அது திருத்தமாயிருந்தது. உள்ளதை உள்ளவாறே வடிக்கும் ஆற்றல் இல்லாமையால் அவர் எளிய வடிவங்களை நாடினார் என்று கூறுவோர்க்கு இவ்வொன்றே தக்க விடையாகும்.

1904ஆம் ஆண்டில், வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்து, அவர் பாரிஸ் நகரை அடைந்தார். அக்காலத்தில் ஐரோப்பியச் சிற்பக்கலையின் முடிசூடா மன்னராக விளங்கியவர் ஒகுஸ்த் ரொடான். 1907ஆம் ஆண்டில் அவரது பட்டறையிற் பணிபுரியும் வாய்ப்பு பிரான்கூசிக்குக் கிட்டியது. பிறர் பெருமையாகக் கருதியிருக்கக்கூடிய அவ்வாய்ப்பை அவர் ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே கைவிட்டார். பெருமரத்தின் நிழலில் எதுவும் வளராது என்று அவர் காரணம் கூறினார் என்பர்.

ரொடானின் முறையில் சிற்பி களிமண்ணில் உருவைப் பிடிப்பார். அதனைக் கல்லிற் செதுக்குவதும் உலோகத்தில் வார்ப்பதும் பெரும்பாலும் உதவியாளரின் தொழில். பிரான்கூசியோ கல்லையும் மரத்தையும் தம் கையாலேயே நேரடியாக வெட்டத் தொடங்கினார். 1907–08ஆம் ஆண்டுகளில் அவர் செதுக்கிய ‘முத்தம்’ என்னும் சிற்பத்தில் இருவர் ஒருவரையொருவர் தழுவி நிற்கின்றனர். எனினும் கல் தன் சதுர வடிவை இழக்கவில்லை. பொருளின் இயல்பைப் பணிய வைக்காமல் அதனோடு உடன்பட்டுச் செல்லும் இந்த முறை, கிராமத்துத் தச்சனின் முறையேயாகும்.

அக்காலத்தில் ஆபிரிக்க மரச்சிற்பங்கள் பாரிஸ் ஓவியர்க்கும் சிற்பிகட்கும் புதிய கண்ணைத் திறந்துகொண்டிருந்தன. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து ஆதிக்குடிகள் நாட்டிய குலக்குறித் தூண்களும் ஐரோப்பிய நூதனசாலைகளில் இடம்பெற்றிருந்தன. ஒரே நெடுமரத்தில் மூதாதையும் விலங்கும் பறவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர, ஒரு குலத்தின் வரலாறு முழுவதும் நிலத்திலிருந்து வானை நோக்கி எழுந்து நிற்கும் அமைப்பு அது. பிரான்கூசியின் மரச்சிற்பங்களிலும் இத்தகைய அடுக்கு முறை காணப்படுகின்றது. 1921ஆம் ஆண்டில் நிறைவுற்ற ‘ஆதாமும் ஏவாளும்’ என்னும் சிற்பத்திலே, ஆதாம் கீழே நின்று சுமக்க, ஏவாள் அவன்மேல் எழுகின்றாள். அது ஆபிரிக்காவின் வழி வந்ததா, உருமேனியக் கிராமத்தின் வழி வந்ததா என ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுவர். இரண்டிலும் உண்மை உண்டு. அயல்நாட்டுச் சிற்பங்கள் அவருக்குப் புதியதொன்றைக் கற்பித்தன என்பதிலும், இளமையில் தாம் கண்டவற்றைக் கலையாகக் கொள்ளும் துணிவை அளித்தன என்பதே பொருத்தமாகும்.

சிற்பத்திற்குப் பீடம் வேண்டும் என்பது பழைய மரபு. பீடம் செய்பவன் வேறு. சிற்பம் செய்பவன் வேறு. பிரான்கூசி தம் சிற்பங்களுக்குரிய பீடங்களையும் தாமே செய்தார். கல்லின்மேல் மரம், மரத்தின்மேல் கல், அதன்மேல் பளபளக்கும் வெண்கலம் என அடுக்கடுக்காக அமைத்தார். எங்கே பீடம் முடிகின்றது, எங்கே சிற்பம் தொடங்குகின்றது என்று சொல்ல இயலாதவாறு அவை ஒன்றாகி எழுந்தன. அவ்வாறு செய்த பீடங்களில் ஒருவகை, விளிம்புகள் உள்ளும் வெளியுமாக மடிந்து மடிந்து மேலேறும் மரத் தூணாகும். 1918ஆம் ஆண்டளவில் அவர் அதன்மேல் எதனையும் வையாது விட்டார். பீடமே சிற்பமாயிற்று. ஓக் மரத்திற் செதுக்கிய அந்தத் தூண் ஏறத்தாழ 2 மீற்றர் உயரமுடையது. நியூயோர்க் நவீன கலை நூதனசாலையின் சேகரிப்பிற் சேர்ந்துள்ளது. அதற்கு ‘முடிவிலாத் தூண்’ என்று பெயர் வழங்கலாயிற்று.

இரண்டு ஆண்டுகளின் பின், பாரிஸ் நகருக்கு அப்பால் வூலாஞ்சி என்னும் ஊரில், தம் நண்பரான புகைப்படக் கலைஞர் எட்வேட் ஸ்டைக்கனின் தோட்டத்திலே, ஏறத்தாழ 7 மீற்றர் உயரமான மற்றொரு மரத் தூணை நாட்டினார். பட்டறையின் கூரைக்குக் கீழ் நின்ற வடிவம் முதன்முறையாக வானத்தின் கீழ் வந்து நின்றது. 1927ஆம் ஆண்டில் அதனை அங்கிருந்து வெட்டியெடுத்துத் தம் பட்டறைக்கே கொண்டு சென்றார்.

தூணோடு கூடவே வளர்ந்தது பறவை. உருமேனிய நாட்டுக் கதைகளில் வரும் மாயப் பறவையை அவர் 1910ஆம் ஆண்டு தொடக்கம் செதுக்கி வந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல இறகும் அலகும் காலும் மறைந்தன. 1923ஆம் ஆண்டில் அது மேல்நோக்கி எழும் மெல்லிய ஒரே வீச்சாயிற்று. ‘வெளியிற் பறவை’ என்னும் அவ்வரிசையின் வெண்கலச் சிற்பம் ஒன்று 1926ஆம் ஆண்டில் நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தபோது, சுங்கப் பகுதியினர் அதனைக் கலைப்பொருளாக ஏற்க மறுத்தனர். கலைப்பொருளுக்குத் தீர்வை இல்லை. பறவையைப் போலத் தோன்றாத ஒன்று கலையாகாது என்று கருதி, அதனைச் சமையற் கருவிகளும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய வகுப்பிற் சேர்த்து, நூற்றுக்கு 40 வீதம் தீர்வை விதித்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1928ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த தீர்ப்பு, இயற்கைப் பொருள்களைப் பின்பற்றாமல் கருத்துகளை வடிவிற் காட்ட முயலும் புதிய கலை மரபு ஒன்று தோன்றியுள்ளதென ஒப்புக்கொண்டு, சிற்பியின் பக்கமே சார்ந்தது. அந்தத் தீர்ப்பு, பின்வந்த சிற்பிகள் யாவர்க்கும் வழி திறந்தது.

அதே 1926ஆம் ஆண்டில் நியூயோர்க் சென்ற பிரான்கூசி, வான்முட்டும் அந்நகரின் கட்டடங்களைக் கண்டு, இது தம் பட்டறையைப் போன்றே இருக்கின்றது என வியந்தாரெனச் சொல்லப்படுகின்றது. குடியானவனின் வீட்டுத் தூணும் பெருநகரின் மாடங்களும் அவருக்கு ஒரே குலத்தனவாகத் தோன்றின. ஒன்றன்மேல் ஒன்றாய், ஒரே அளவினவாய், முடிவைக் கருதாது உயர்ந்து செல்வதே இரண்டிற்கும் பொதுவான இயல்பு. தூண் கட்டடமாகலாம் என்ற எண்ணமும் அவரைவிட்டு நீங்கவில்லை. முதுமையில், சிக்காகோ நகரில் மிகவும் உயர்ந்த தூண் ஒன்றை எழுப்புவது பற்றிய பேச்சும் நிகழ்ந்தது. ஆனால் அது நிறைவேறவில்லை.

நிறைவேறிய இடம் அவருடைய தாயகம். ஹொபித்சாவுக்கு அண்மையில், ஜியு ஆற்றங்கரையில், தர்கு ஜியு என்னும் நகரம் உள்ளது. 1916ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் யேர்மன் படையினர் அந்நகரை நெருங்கியபோது, ஆற்றுப் பாலத்தருகே அவர்களை எதிர்த்தவர்களுள் ஊர் மக்களும் இருந்தனர். முதியவர், பெண்கள், சாரணச் சிறுவர் ஆகியோர் துணிந்து நின்ற அந்நாள், நகர மக்களின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அந்நிகழ்ச்சிக்கும் அவ்வட்டாரத்து வீரர்க்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப, கோர்ஜ் மாவட்டத்துப் பெண்கள் சங்கம் 1930ஆம் ஆண்டுகளின் நடுவில் முனைந்தது. அதன் தலைவி, அக்காலப் பிரதம மந்திரியின் துணைவியாராகிய அரெத்தியா ததரெஸ்கு. பிரான்கூசியிடம் பயின்ற மிலீத்சா பெத்ராஷ்கு என்னும் சிற்பியை அணுகியபோது, இதனைச் செய்யத்தக்கவர் தம் ஆசிரியரே என்று அவர் கூறினார். ஊதியம் எதுவும் வேண்டாமலே பிரான்கூசி அப்பணியை ஏற்றார்.

மரத்திற் பிறந்த வடிவத்தை 29 மீற்றர் உயரத்தில் நிறுத்துவது சிற்பி ஒருவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. பெத்ரோஷானி என்னும் சுரங்க நகரத்துப் பட்டறைகளின் பொறியியலாளர் ஸ்தெபான் ஜோர்ஜெஸ்கு-கோர்ஜான் அதற்கு வழி கண்டார். மாதிரி மணியைப் பிரான்கூசி மரத்தில் தாமே செதுக்கினார். அதனைக் கொண்டு வார்ப்பிரும்பில் மணிகள் தனித்தனியே வார்க்கப்பட்டன. உள்ளே, சீமெந்து அத்திவாரத்தில் ஊன்றிய உருக்குத் தண்டு ஒன்று முள்ளந்தண்டுபோல நிற்கும். மாலையில் மணி கோப்பதுபோல வார்ப்பிரும்பு மணிகள் அதன்மேல் ஒவ்வொன்றாக இறக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் தூண் எழுந்தது. அடுத்த ஆண்டு அதன்மீது பொன்னிறப் பித்தளைப் பூச்சு தெளிக்கப்பட்டது.

ஒவ்வொரு மணியும், அடி அகன்று தலை குறுகிய இரண்டு கூம்பகங்களை அகன்ற பக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்த வைத்தாற்போன்றது. குறுகிய இடத்தில் அகலம் 45 சதமமீற்றர், அகன்ற இடத்தில் 90, உயரம் 180. ஒன்று, இரண்டு, நான்கு என்னும் எளிய விகிதமே தூண் முழுவதையும் ஆளுகின்றது. முழு மணிகள் 15; கீழே ஓர் அரை மணி, மேலே ஓர் அரை மணி. மேலுள்ள அரை மணி குறுகி முடிவதில்லை. விரியத் தொடங்கி, முழு அகலத்தை எட்டிய நிலையில் நின்றுவிடுகின்றது. ஆகவே நோக்குவோர் கண்ணும் அங்கே நிற்பதில்லை. அடுத்து வரவேண்டிய பாதியை மனம் தானே வானத்தில் வரைந்துகொள்கின்றது. ‘முடிவிலா’ என்னும் சொல்லின் பொருள் தூணின் உயரத்தில் இல்லை. இந்த விடுபட்ட பாதியிலேயே இருக்கின்றது.

தூண் மட்டுமே அவ்விடத்தில் உள்ளதன்று. ஆற்றங்கரையிலிருந்து கிழக்கு நோக்கி, ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஒரே நேர்கோட்டில் யாவற்றையும் அமைத்தார் சிற்பி. முதலில் ‘மௌன மேசை’: வட்டமான கல்மேசையும் அதனைச் சூழ்ந்து 12 கல்லாசனங்களும். அடுத்துப் பூங்காவின் வாயிலில் ‘முத்த வாயில்’: இளமையிற் செதுக்கிய ‘முத்தம்’ என்னும் சிற்பத்தின் சுருங்கிய குறி அதன் தூண்களில் அமைந்துள்ளது. அதனைக் கடந்தால் ‘வீரர் வீதி’, இடையிலே ஒரு தேவாலயம், முடிவிலே தூண். 1938ஆம் ஆண்டு ஒக்ரோபர் 27ஆம் நாள் இவை திறந்துவைக்கப்பட்டன. அமர்ந்து மௌனங் காத்தல், வாயிலைக் கடத்தல், வீதி வழி நடத்தல், நிமிர்ந்து நோக்குதல் என்னும் நான்கு செயல்களாக, ஒரு சவ ஊர்வலத்தின் ஒழுங்கை அவ்வமைப்பிற் காணலாம். இறந்தோரை நினைவுகூர்வதற்கு அவர் சிலை வடிக்கவில்லை. உயிரோடிருப்போர் நடந்து செல்ல ஒரு வழியை வகுத்தார்.

மகனை இழந்த தாய்க்கு, கணவனை இழந்த மனைவிக்கு, முகமற்ற ஒரு தூண் ஆறுதல் தருமோ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயின் சிலை என்பது யாரேனும் ஒருவனுடைய முகத்தையே காட்டும். அது பெரும்பாலும் தளபதியின் முகமாக அமைந்துவிடும். பாலத்தருகே நின்ற கிழவனுக்கும் சிறுவனுக்கும் அதில் இடமில்லை. ஒரே அளவினவாய், ஒன்றையொன்று தாங்கி, எதுவும் மற்றொன்றினும் பெரிதென்னாமல் நிற்கும் மணிகளில் அனைவர்க்கும் இடமுண்டு. அன்றியும், புதைகுழியருகே கம்பம் நாட்டும் மக்களுக்கு இந்த வடிவம் அயலானதன்று. உருமேனியாவிற் பிறந்து, இளமையில் கல்கத்தாவிலே இந்தியத் தத்துவம் பயின்ற சமய வரலாற்றறிஞர் மீர்ச்சா எலியாதெ, வானைத் தாங்கும் தூண் என்னும் பழங்குடி நம்பிக்கையின் வழிவந்ததாக இதனை விளக்கினார். மண்ணையும் விண்ணையும் இணைக்கும் அச்சாக உலகின் நடுவே ஒரு தூண் நிற்கின்றது என்பது பல இனத்தாரிடையே வழங்கும் தொன்மையான எண்ணமாகும்.

இக்காலத்திலேயே பிரான்கூசிக்கு இந்தியாவோடும் தொடர்பு ஏற்பட்டது. இந்தூர் மகாராசா யசுவந்தராவ் ஓல்கார் அவருடைய பறவைச் சிற்பங்கள் மூன்றை வாங்கியிருந்தார். அவற்றை வைத்துத் தியானம் செய்வதற்கேற்ற சிறுகோயில் ஒன்றை இந்தூரில் எழுப்ப இருவரும் எண்ணினர். 1937ஆம் ஆண்டின் முடிவில், தர்கு ஜியுவின் தூண் எழுந்த சூட்டோடு, சிற்பி இந்தியாவுக்குப் பயணமானார். ஆனால் கோயில் கட்டப்படவில்லை. அக்கோயிலுக்கென எண்ணியதாகக் கூறப்படும் ‘அரசர்க்கரசன்’ என்னும் ஓக் மரச்சிற்பம் மட்டும் எஞ்சியுள்ளது. திராட்சைப் பொறியின் திருகாணியை நினைவூட்டும் உடலும், முடிபோன்ற தலையுமாக, ஏறத்தாழ 3 மீற்றர் உயரத்தில் ஒரு குலக்குறித் தூண்போலவே அது நிற்கின்றது. அது நியூயோர்க் குகன்ஹைம் நூதனசாலைக்குச் சொந்தமானது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின் உருமேனியாவில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சியின் கொள்கையோ, மக்களுக்கு விளங்கும் உருவங்களையே வடித்தல் வேண்டும் என்பது. 1951ஆம் ஆண்டில் அந்நாட்டு அக்காடமியிலே பிரான்கூசியின் கலை கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அப்பத்தாண்டில், தூணை வீழ்த்திப் பழைய இரும்பாக்க எண்ணி, கயிறு கட்டி உழவு இயந்திரத்தால் இழுத்தனர் என்றும், தூண் அசையவில்லை என்றும் ஊரார் கூறுவர். உள்ளிருந்த உருக்குத் தண்டின் வலிமையே அதனைக் காத்தது. பிரான்கூசி 1952ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். தம் பட்டறையையும் அதிலிருந்த அனைத்தையும், உள்ளவாறே பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்துவிட்டு, 1957ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் பாரிஸ் நகரிற் காலமானார். தாயகத்தின் மனம் மாறுவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன. 1960ஆம் ஆண்டுகளின் நடுவில் தூண் பழுதுபார்க்கப்பட்டது.

அவர் திறந்த வழியிற் பலர் சென்றனர். 1927ஆம் ஆண்டில் அவரிடம் உதவியாளராயிருந்த இசாமு நொகுச்சி, கல்லையும் மரத்தையும் மதிக்கும் பண்பைத் தம் வாழ்நாள் முழுவதும் பேணினார். பிரான்சிலிருந்து 1938ஆம் ஆண்டில் நியூயோர்க் சென்று குடியேறிய லூயிஸ் பூர்ஷ்வா, தாம் வசித்த மாடிக் கட்டடத்தின் மேற்றளத்தில் நின்று, மெலிந்து உயர்ந்த மரவுருவங்களைச் செதுக்கினார். தாயகத்தில் விட்டுவந்த உறவினரும் நண்பருமே அவ்வுருவங்களாயினர். 1949ஆம் ஆண்டில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, பீடமின்றித் தரையிலேயே, மனிதர் நிற்பதுபோல நிறுத்தினார். சுற்றிலும் வானளாவிய மாடங்கள். நடுவே இல்லாதவர்களின் தூண்கள். தூண், இழந்தவரைக் குறிக்கும் கிராமத்துப் பழக்கம் பெருநகரின் மாடியிலும் உயிர்பெற்றது.

காற்றும் மழையும் இரும்பை விடுவதில்லை. 1996ஆம் ஆண்டில் தர்கு ஜியுவின் தூணிலிருந்து மணிகள் ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கப்பட்டன. உள்ளிருந்த பழைய தண்டை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என அறிஞரிடையே நீண்ட விவாதம் நடந்தது. இறுதியிற் பழைய தண்டே பேணப்பட்டு, மணிகள் செப்பனிடப்பட்டு, 2000ஆம் ஆண்டில் தூண் மீண்டும் பொன்னிறங் கொண்டு எழுந்தது. 2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மேசை முதல் தூண் வரையிலான அமைப்பு முழுவதையும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

வெற்றித் தூண்களின் உச்சியில் நின்ற மன்னர்களின் உருவங்கள், ஆட்சி மாறுந்தோறும் இறக்கப்பட்டும் மாற்றப்பட்டும் வந்துள்ளன. திராயன் நின்ற இடத்தில் இன்று ஒரு புனிதர் நிற்கின்றார். பாரிஸ் தூணின் நெப்போலியனும் பலமுறை இறங்கி ஏறியவனே. பிரான்கூசியின் தூணிலிருந்து இறக்குவதற்கு எவருமில்லை. எதையும் தாங்காததனாலேயே, பாலத்தருகே நின்ற பெயரறியாத மக்கள் அனைவரையும் அது தாங்கி நிற்கின்றது.